இரண்டாம் மாடியில் வாங்கிய பேண்ட்

22 செப்டம்பர் 1959, செவ்வாய்

புறப்படும்போது பாளையங்கோட்டைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கொடுத்த நோட்டு இது. தினமும் ஒரு நன்றியாவது எழுதவேண்டும் என்று எங்கள் சபைப் போதகரின் மனைவி ஐயரம்மா சொல்லி அனுப்பினார்கள். இன்றுதான் திறக்கிறேன். நன்றி சொல்ல ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. கப்பல் முழுகவில்லை. அதற்கு ஸ்தோத்திரம்.

நாங்கள் இருப்பது ஐயோவா மாகாணத்தில் ஒரு கல்லூரி ஊர். இவர் கணிதத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். உதவித்தொகையைச் சும்மா தரமாட்டார்கள்; முதல் வருஷத்துப் பையன்களுக்கு இவர் அல்ஜீப்ரா எடுக்கவேண்டும். வகுப்பு இருக்கும்வரை படிப்பு. வகுப்பு போனால் கப்பல். பட்டத்தோடுதான் திரும்புவேன் என்று திருநெல்வேலி ஸ்டேஷனில் மாலையும் கழுத்துமாக நின்று சொன்னவர் இவர். வழியனுப்ப வந்த மாமா அதற்குக் கைகூடத் தட்டினார்.

மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்கார அம்மா மிஸஸ் ஹால்வர்சன். இன்று என் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். வெங்காயம் என்றேன். சமைத்தது என்னவோ முட்டை.

25 செப்டம்பர், வெள்ளி

இவருடைய கம்பளி சூட்டின் பேண்டைப் பொசுக்கிவிட்டேன். கரிப்பெட்டியில் தேய்த்துப் பழகிய கை. இந்த மின்சாரப் பெட்டி எப்போது சுடும், எப்போது ஆறும் என்று ஒரு நிதானமும் கிடைக்கவில்லை. முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கோட் பிழைத்தது. மற்றவை எல்லாம் ஊர் வெயிலுக்குத் தைத்த வெள்ளைப் பேண்டுகள், இங்கே ஆகாது.

அவர் ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேண்டை மடித்து வைத்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பேன். எரிந்தது வீடு இல்லை, பேண்ட்தான். ஸ்தோத்திரம்.

26 செப்டம்பர், சனி

கடைத்தெருவுக்குப் போய் மூன்று பேண்ட் வாங்கிவந்தார். ஆண்கள் பகுதியில் இருந்த ஆகச் சின்ன அளவுக்குள்ளேயே நாங்கள் இரண்டு பேரும் நிற்கலாமாம். கடைக்காரன் இரண்டாம் மாடிக்கு அனுப்பினானாம். அங்கே இடுப்பு கச்சிதமாகக் கிடைத்துவிட்டது. நீளம் மட்டும் அதிகம்.

தேங்காய் நார் நிறம். கால் குறுகலாக இருக்கிறது. பின்பக்கம் இடுப்புக்குக் கீழே ஒரு சின்ன வார், அதில் பக்கிள். எதற்கு என்று கேட்டேன், அழகுக்கு என்றார். பரவாயில்லை, காசு வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகத்தான் தருகிறார்கள்.

29 செப்டம்பர், செவ்வாய்

செவ்வாய் சாயங்காலம் மிஸஸ் ஹால்வர்சன் எங்களை டெலிவிஷன் பார்க்கக் கூப்பிடுவார். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள் உள்ள ஒரு வேடிக்கை நாடகம். நடுநடுவே ஆளைக் காட்டாமல் ஒரு கூட்டம் சிரிக்கும். முதல் வாரம் பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். அதனால் உடுப்பைப் பார்ப்பேன். அப்பாக்காரர் வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றுவதில்லை. அவர் பேண்ட் இடுப்பில் கொசுவம் வைத்து, அகலமாக இறங்கி, ஷூவின் மேல் வந்து உட்காரும். சின்ன மகனுக்கு முரட்டு நீலத்துணி. கீழே ஒரு சாண் சுருட்டி விட்டிருக்கிறார்கள், வளர வளரப் பிரித்துக்கொள்ள. எங்கள் அம்மா என் பாவாடையில் வைத்த டக்கு மாதிரி. பெரிய மகன்தான் நாகரிகக்காரன். கொசுவம் கிடையாது. காலோடு ஒட்டி வந்து கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. வெள்ளைக் காலுறை பளிச்சென்று தெரிகிறது. திரும்பும்போது பார்த்தேன், பின்னால் வார், பக்கிள். இவர் வாங்கி வந்ததேதான்.

எனக்கு ஒரே பெருமை. ஊருக்குப் புதுசு என்றாலும் என் வீட்டுக்காரருக்கு நல்ல ரசனை.

30 செப்டம்பர், புதன்

மூன்று பேண்டையும் வெட்டி, மடித்துத் தையல் அடித்து முடித்தேன். பெரிய மகனின் அளவைக் கண்ணாலேயே எடுத்துக்கொண்டேன், கணுக்காலுக்கு மேலே மூன்று விரல். உள்ளே துணி விடவில்லை. விட்டால் குறுகலான காலில் தடிப்பாகத் தெரியும். பழைய பேண்டைப் பொசுக்கியதற்கு இது பரிகாரம்.

போட்டுப் பார்த்தார். கொஞ்சநேரம் கண்ணாடி முன்னால் அப்படியே நின்றார். பிறகு கைகளைப் பையில் விட்டுக்கொண்டு, நாடகத்துப் பையன் மாதிரியே தோளைக் குலுக்கி, அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமைக் கணக்கு வாத்தியாராக இருந்தவர் செய்கிற காரியமா இது. இன்றைக்கு மனசார ஸ்தோத்திரம்.

6 அக்டோபர், செவ்வாய்

வகுப்பு எப்படிப் போகிறது என்றேன். பையன்கள் உற்சாகமாக இருக்கிறார்களாம். நாடகத்தில் இன்று பெரியவன் ஒரு பெண்ணை நடனத்துக்குக் கூப்பிடப் பயந்தான். அதே பேண்ட். நான் முழங்கையால் இவரை இடித்துக் காட்டினேன். பார்த்தேன் என்றார்.

15 அக்டோபர், வியாழன்

மழை. வீட்டில் பேச்சு இல்லை. ரொட்டி பொங்கி வந்தது, ஸ்தோத்திரம்.

27 அக்டோபர், செவ்வாய்

இவருக்குக் கழுத்துப் பிடிப்பு. தைலம் போட்டு நீவிவிட்டேன். பலகையில் எழுதுவதால் என்கிறார். ஊரில் இத்தனை வருஷம் எழுதியபோது வராத வலி. கோட்டின் முதுகெல்லாம் வேறு சாக்பீஸ் தூள். பலகையைப் பார்த்து எழுதுகிறவருக்கு முதுகில் எப்படித் தூள் ஒட்டும் என்று கேட்டேன். இந்த ஊர்ப் பலகை வேறு மாதிரி என்றார். என்ன பலகையோ.

நாடகம் பார்க்க வரவில்லை, படிக்கவேண்டுமாம். போன வாரமும் வரவில்லை. நான் மட்டும் போய்ப் பார்த்தேன்.

8 நவம்பர், ஞாயிறு

முதல் பனி. ஆலயத்துக்கு நடந்தே போனோம். காலுறைக்கு மேலே இவருக்குத் தோல் சிவந்துவிட்டது. நீளமான காலுறை வாங்கலாமே என்றேன். இது போதும் என்கிறார். பனி பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அழகுக்கு ஸ்தோத்திரம், குளிருக்கு இல்லை.

17 நவம்பர், செவ்வாய்

இன்று மிஸஸ் ஹால்வர்சன் வற்புறுத்தியதால் இவரும் வந்து உட்கார்ந்தார். நாடகத்தில் பெரியவன் அதே பேண்டில் மாடியிலிருந்து இறங்கி வந்தான். வீட்டுக்கு விருந்தாளி வருகிற நேரம். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி அவன் காலைப் பார்த்தார். இந்த வேஷமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு, பெரிய மனிதன் எவனும் இதைப் போட்டுக்கொண்டு வெளியே போவானா என்று கேட்டார். இதுமட்டும் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. அந்தக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மிஸஸ் ஹால்வர்சனும் சிரித்தார். சிரித்தவர் இவர் காலைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். காப்பி கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனார். காப்பி ஏற்கெனவே மேசையில் இருந்தது.

இவர் டெலிவிஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று எழுத நன்றி வரவில்லை.

18 நவம்பர், புதன்

இவர் போனதும் கீழே போய் மிஸஸ் ஹால்வர்சனிடம் நேராகக் கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் போதவில்லை, என் முழங்காலுக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். அந்த அம்மா என்னை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். அவருடைய தங்கை மகன் இவர் வகுப்பில்தான் இருக்கிறான். இரண்டாம் மாடி பையன்கள் பகுதி. அந்தப் பேண்டை வகுப்பில் பாதிப் பையன்கள் போடுகிறார்கள். வாத்தியார் அதே பேண்டில், அதுவும் அவர்களைவிட ஒரு பிடி கூடத் தூக்கி வெட்டிக்கொண்டு வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் கோட் ஏறிப் பக்கிள் தெரிகிறதாம். அதனால் இவர் வகுப்புக்கு முதுகைக் காட்டாமல், பலகையில் சாய்ந்தபடி பின்பக்கமாகக் கையை வளைத்து எழுதுகிறாராம். எழுத்து யாருக்கும் விளங்கவில்லை. புகார் போய்விட்டது. துறைத் தலைவர் இவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். இப்படியே போனால் ஜனவரியில் அந்த வகுப்பு வேறு ஒருவருக்கு.

இவர் என்னிடம் மூச்சு விடவில்லை. ஒருவேளை வாங்கும்போது அது பையன்கள் பேண்ட் என்று இவருக்கும் தெரியாதோ என்னவோ.

மேலே வந்து ஒரு பேண்டின் மடிப்பைப் பிரித்தேன். உள்ளே அரை விரல் துணிகூட இல்லை. நானே வெட்டிய வெட்டு. திரும்பவும் அடித்து வைத்துவிட்டேன். ஊருக்குப் போகவேண்டும், ஊருக்குப் போகவேண்டும் என்று இத்தனை நாளும் ஜெபம்பண்ணியது நான்தான். ஆண்டவரே, இப்படியா கேட்டேன்.

22 நவம்பர், ஞாயிறு

நானாகச் சொல்லிவிடலாம் என்று ஆலயத்திலிருந்து வரும் வழியெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடினேன். என்ன, மீன் மாதிரி வர்ற என்றார். வெங்காயம் வாங்கணும் என்றேன்.

துறைத் தலைவர் புரொபசர் லிண்ட்கிரன் வியாழக்கிழமை எங்களை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். இந்த நாட்டில் அன்றைக்கு நன்றி சொல்லும் பண்டிகை. நம் அறுப்பின் பண்டிகை மாதிரிதான், வான்கோழி மட்டும் கூடுதல். சாப்பாடு போட்டுச் செய்தியைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இவருக்கும் தோன்றியிருக்கவேண்டும். தலைமுடி வெட்டிக்கொண்டு வந்தார்.

26 நவம்பர், வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிடவேண்டும்.

புரொபசர் வீட்டு மணியை அடித்தோம். கதவைத் திறந்தது அவர் மகன். பதினைந்து வயது, இவரைவிட ஒரு தலை உயரம். அதே தேங்காய் நார் நிறம். அதே குறுகல் கால். அதே கணுக்கால். பையன் இவர் காலைப் பார்த்தான். இவர் பையன் காலைப் பார்த்தார். நான் வாசல் மிதியடியைப் பார்த்தேன். உள்ளேயிருந்து புரொபசரும் அவர் மனைவியும் வந்து பின்னால் நின்றார்கள். யாரும் வரவேற்கவில்லை, யாரும் உள்ளே போகவில்லை.

கடைசியில் பையன்தான் கேட்டான், எங்கே வாங்கினீர்கள் என்று. பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் மாதிரி இவர் கடைப் பெயரைச் சொல்லி, இரண்டாம் மாடி என்றார். பையன் முகம் விழுந்துவிட்டது. மாடிக்குப் போனான். எங்கள் குளிர்கோட்டை வாங்கி மாட்டுவதற்குள் இறங்கி வந்தான். முழு சூட், டை, ஷூவின் மேல் உட்காரும் அகலப் பேண்ட்.

அவன் அம்மா சமையலறைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன், அழுகிறாரோ என்று. அழுகைதான், ஆனால் சிரித்துச் சிரித்து வந்த அழுகை. ஒரு வருஷமாக அந்தப் பேண்டை அவன் காலிலிருந்து இறக்க முடியவில்லையாம். ஆலயத்துக்கும் அதுதான், அவனுடைய தாத்தாவின் அடக்க ஆராதனைக்கும் அதுதான். திட்டியும் கெஞ்சியும் நடக்காதது, ஒரு கணக்கு வாத்தியார் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதும் நடந்துவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். வெட்டிக் கெடுத்ததற்கு எப்படி நன்றி வாங்குவது என்று தெரியாமல் நானும் தலையாட்டினேன்.

சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு நன்றி சொல்லவேண்டும் என்பது இவர்கள் வழக்கம். புரொபசர் விருந்தாளிகளுக்காக என்றார். பையன் வான்கோழிக்காக என்றான். இவர் முறை வந்தபோது, என் மனைவிக்காக என்றார். பாளையங்கோட்டையில் நாலு பேர் முன்னால் என் பெயரைக்கூடச் சொல்லாத மனிதர். எனக்கு முறை வந்தது. சும்மா கும்பிட்டேன்.

காப்பி குடிக்கும்போது புரொபசர் இவரிடம், வகுப்பில் எத்தனை பேர் இதைப் போடுகிறார்கள் என்று கேட்டார். பாதிப் பேர் என்றார் இவர். புரொபசர் தொடையில் அடித்துக்கொண்டார். ஆபீஸில் இவரை எப்போதும் குளிர்கோட்டோடு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறாராம். உனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று நினைத்தேனே என்றார். திங்கட்கிழமை வகுப்பில் வந்து உட்காருகிறேன், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றும் சொன்னார்.

நடந்து திரும்பும்போது எனக்குத் தாங்கவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டேன்.

"நான்தாங்க வெட்டுனேன். அந்த நாடகத்தப் பாத்து நான்தான் வெட்டிக் கெடுத்தேன். அது பயலுவ பேண்டுன்னு உங்களுக்குத் தெரியாதுல்லா."

"கடையிலயே தெரியும், கனி. பக்கத்துல ஒரு அம்மா எட்டு வயசுப் பயலுக்கு அளவு பாத்துக்கிட்டு நின்னா. நீளமா விட்டுப் போட்டா ஒப்பேத்திரலாம்னு நெனச்சேன்."

"அப்பம் வெட்டுன அன்னைக்கே ஏன் சொல்லல? வகுப்புல அத்தன பேரும் சிரிச்சிருக்கானுவ. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற வாங்கியிருக்கலாம்லா."

அவர் கொஞ்சம் தள்ளி நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கப்பல் ஏறுன நாளையில இருந்து நீ அழுதுக்கிட்டே இருந்தே. வெங்காயம்னே. அன்னைக்கு ஒரு நாள்தான் சிரிச்சே. அதப் போயி தப்புன்னு எப்படிச் சொல்லுதது?"

நான் அந்த ரோட்டிலேயே அழுதேன். இந்தத் தடவை வெங்காயம் என்று சொல்லவில்லை. இவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று. இப்படி ஒரு மனிதரை எனக்குக் கொடுத்தீரே ஆண்டவரே, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

28 நவம்பர், சனி

பெரியவர்கள் பேண்டாக வாங்கி ஆள்வைத்து இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம், கடைக்குப் போவோம் என்றேன். வரமாட்டேன் என்கிறார். திங்கட்கிழமை புதுப் பேண்டில் போய் நின்றால் பையன்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமாம். பிடிவாதம். கழுத்துக்குத் தைலம் போட்டேன். இடியாப்பத்துக்கு மாவு கிடைக்காமல் சேமியாவில் ஏதோ செய்தேன். அதையும் சாப்பிட்டார்.

30 நவம்பர், திங்கள்

வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மிஸஸ் ஹால்வர்சனிடம் வழி கேட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டேன். இவர் வகுப்புக் கதவு பாதி திறந்திருந்தது. வராந்தாவில் சுவரோடு சுவராக நின்றேன். பின்வரிசையில் புரொபசர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

இவர் பலகைப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். கோட் ஏறியது. பக்கிள் தெரிந்தது. எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இவர் சாக்பீஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நிதானமான இங்கிலீஷில், ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேசுவதுபோல் பேசினார். இது பையன்கள் பேண்ட்தான். என் இடுப்புக்கு இந்த ஊர் ஆண்கள் கடையில் துணி இல்லை. நீளத்தை வெட்டியது என் மனைவி, நீங்கள் பார்க்கிற அதே டெலிவிஷனைப் பார்த்து வெட்டினாள். அவள் வெட்டியதால் போட்டுக்கொண்டிருக்கிறேன், இனியும் போடுவேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன். அதற்குப் பிறகு கணக்கு.

எல்லோரும் சிரித்தார்கள். புரொபசரும் சிரித்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் பயந்ததைவிட இந்தச் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு இவர் வகுப்புக்கு முழுசாக முதுகைக் காட்டிக்கொண்டு, பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுதினார். அவர் கையெழுத்து அழகானது. பையன்கள் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள்.

மணி அடித்ததும் புரொபசர்தான் முதலில் வெளியே வந்தார். என்னைச் சுவரோடு பார்த்துவிட்டு நின்றார். ஜனவரியிலும் வகுப்பு உன் கணவருக்குத்தான் என்றார். எனக்கு இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோய், ஸ்தோத்திரம் ஐயா என்று தமிழில் சொன்னேன். அவர் புரிந்த மாதிரி தலைகுனிந்துவிட்டுப் போனார்.

பையன்கள் வந்தார்கள். இவர் என்னை ஒளிய விடவில்லை, இவள்தான் வெட்டியவள் என்று காட்டினார். ஒருவன், களுக்கென்று சிரித்தவனாகத்தான் இருக்கவேண்டும், காது சிவக்க எனக்கு வணக்கம் சொன்னான்.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. வழியில் அந்தக் கடை வந்தது. ஜெயித்தாயிற்று, இனியாவது உள்ளே போவோம் என்றேன்.

"இருக்கட்டும். இதெல்லாம் கிழியட்டும், பொறவு பாப்போம்."

"இது லேசுல கிழியாதுங்க. நான் ரெட்டத் தையல்லா போட்டிருக்கேன்."

இவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை. கடை வாசலில் போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க நின்று சிரித்தேன். இவர் பனியில் கணுக்கால் சிவக்க, நான் சிரித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.